டைசன் பேசினால் எனக்கு வாத்தியார் ஞாபகம்தான்

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று லண்டனில் இருக்கும் நண்பர்கள் கேட்டதும், பள்ளியில் நமக்குக் குத்துச்சண்டை சொல்லித் தந்த வாத்தியாரைப் பற்றித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனைத் தொடாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வராது. எண்பதுகளில் கோலாலம்பூரின் செந்தூலில் வளர்ந்த நமக்கு இருவரும் சேர்ந்தே வந்தவர்கள்.

1975 ஜூலை 1ஆம் தேதி, இங்கே கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி பிரிட்டிஷ் வீரர் ஜோ பக்னரோடு 15 சுற்றும் மோதி, புள்ளிகளில் வென்றதை நேரில் பார்த்தவர் வாத்தியார். அந்தப் புழுக்கத்தில் அலி எப்படி மூச்சை மிச்சம் பிடித்தார் என்று சொல்லாமல் அவர் பயிற்சியை ஆரம்பித்ததே கிடையாது. 1981இல் அலியை அவருடைய கடைசி ஆட்டத்தில் தோற்கடித்தவர் டிரெவர் பெர்பிக். அதே பெர்பிக்கை 1986 நவம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டாம் சுற்றிலேயே சாய்த்து, 20 வயதில் ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்தார் டைசன். அன்றிலிருந்து வாத்தியாருக்கு அவன் நம்ம வீட்டுப் பையன்.

பள்ளிக் கேண்டீனுக்குப் பின்னால் வாத்தியார், கோணிச்சாக்கில் மரத்தூளும் கிழிந்த துணியும் அடைத்து உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார். கையுறை இரண்டு ஜோடிதான், முறை வைத்துத்தான் போட வேண்டும். ஆனால் ஒவ்வொரு பையனுக்கும் கைக்கட்டு அவரே கட்டுவார். மணிக்கட்டில் ஆரம்பித்து, கட்டைவிரலைச் சுற்றி, விரலிடுக்கில் விட்டு இழுத்து, மறுபடி மணிக்கட்டுக்கு வருவார். அந்த இரண்டு நிமிடமும் அவர் முகம் நம் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். “சாப்டியாடா? அப்பா ராத்திரி வீட்டுக்கு வந்தாரா?” என்று தாழ்ந்த குரலில் கேட்பார். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கு வீடுகளில் ஒண்டியிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கேள்வியை வேறு யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. பள்ளி கேட்டுக்கு வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருந்த குண்டர் கும்பல் ஆள்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள், கையில் பணத்தையும் கொடுத்தார்கள்.

டைசன் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நியூயார்க்கின் பிரவுன்ஸ்வில் பகுதியில் வறுமையில் வளர்ந்த பையன். குண்டு உடம்பையும் குழறிய பேச்சையும் தெருப்பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவன் போட்ட முதல் சண்டையே ஒரு புறாவுக்காக. அவன் வளர்த்த புறாவை ஒரு பெரிய பையன் அவன் கண்ணெதிரே கொன்று போட்டான். பிறகு திருட்டு, போலீஸ். நம் நாட்டில் ஹென்றி கர்னி பள்ளி இருப்பதுபோல அங்கே டிரையன் என்ற சீர்திருத்தப் பள்ளி. அங்கு வேலை பார்த்த பாபி ஸ்டூவர்ட், ஒழுங்காக நடந்தால்தான் குத்துச்சண்டை சொல்லித் தருவேன் என்று நிபந்தனை போட்டார். அவர்தான் டைசனைக் கேட்ஸ்கில் ஊரில் இருந்த பயிற்சியாளர் கஸ் டமாட்டோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். தன் வீட்டிலேயே வைத்து வளர்த்த கஸ், டைசனின் தாயார் இறந்த பிறகு சட்டப்படி பாதுகாவலரும் ஆனார். பயம் நெருப்பு மாதிரி, அடக்கி ஆண்டால் சோறு ஆக்கும், விட்டால் வீட்டையே எரிக்கும் என்பது அவர் பாடம்.

1985 நவம்பரில் கஸ் இறந்தார். டைசனுக்கு 19 வயது. பட்டம் வந்தது அதற்கு ஓராண்டு கழித்து.

மற்றது உங்களுக்கே தெரியும். 1988இல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் வீழ்த்தியது, 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் தோற்றது, 1992இல் சிறை, 1997இல் எதிர்த்து மோதிய ஹோலிஃபீல்டின் காதைக் கடித்தது, கோடிக்கணக்கில் சம்பாதித்தும் 2003இல் திவால்.

எனக்கு முக்கியம், அவர் பிறகு பேச ஆரம்பித்த பேச்சு. 2008இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், மேடைக்குப் போகும் முன்னால் உயிரே போகிற மாதிரி பயமாக இருக்கும் என்கிறார். உலகத்தையே பயமுறுத்திய ஆள்! 2005இல் கெவின் மெக்பிரைடிடம் தோற்ற இரவே, இனிமேல் இந்த ஆட்டத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை என்று ஒத்துக்கொண்டார். 2011இல் குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தபோது, கஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்துத் தொண்டை அடைத்து, பேச்சை முடிக்க முடியாமல் இறங்கிவிட்டார். அந்தக் காட்சியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அவரைச் சிறைக்கு அனுப்பியது பாலியல் வன்கொடுமைக் குற்றம். நடுவர் குழு குற்றவாளி என்றது. அந்த ஒன்றை மட்டும் அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. பாதிக்கப்பட்ட பெண் அப்போது 18 வயதுப் பிள்ளை. மற்றதையெல்லாம் மனம் திறந்து சொல்லிவிட்டார் என்பதற்காக அந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களிடம் டைசனைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் வகுப்பிலும் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவன் இடது கை வருவது கண்ணுக்கே தெரியாது. நாம் பதினாறு வயதில், படிவம் நான்கில் இருந்தபோது வாத்தியார் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார். சாக்கு கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருந்தது, பிறகு யாரோ அறுத்துப் போட்டார்கள். அவன் கும்பலோடு போய், உள்ளே போய், வெளியே வந்து, இப்போது ராவாங்கில் லோரி ஓட்டுகிறான். போன தீபாவளிக்கு அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே சொன்னான்: “நான் யாரையும் குத்தம் சொல்லலடா. பண்ணுனது எல்லாம் நான்தான். ஆனா வாத்தியார் போனப்புறம் சாயங்காலம் ஆனா எங்க போறதுன்னு தெரியல.”

சங்கத்தின் விளையாட்டு நிதியில் இவ்வாண்டு என்ன செய்யலாம் என்று செயலவை கேட்டிருக்கிறது. கோப்பையும் சட்டையும் வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை பையன்களோடு திடலில் இருக்க ஒரு பயிற்றுநரைச் சம்பளத்துக்கு வைப்போம். மாதா மாதம் என் பங்கைக் கொடுக்கிறேன். இங்கே கோலாலம்பூரில் ஆள் தேடுகிற வேலையையும் நானே பார்க்கிறேன்.