2147483647: பெரிய பகா எண் ஒன்றோடு படித்தது

எண் கோட்பாட்டுத் தாளில் பத்து இலக்கப் பகா எண்ணைக் கண்டதும் பலர் வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வுக்குத் தயாரானபோது எனக்குக் கைகொடுத்தது வேறொரு பழக்கம்: அந்த எண்ணை விட்டுவிட்டு, அதற்கு ஒன்று குறைவான எண்ணையும் ஒன்று கூடுதலான எண்ணையும் பார்ப்பது. 2147483647, அதாவது 2³¹−1 என்ற மெர்சென் பகா எண்ணை (2இன் ஓர் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் பகா எண்) எடுத்துக்கொண்டு படித்த தேற்றங்களை எல்லாம் அதன்மேலேயே ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஒன்று குறைவு. 2³¹−2 என்பது 2×(2³⁰−1). வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதினால் 2×32767×32769. முன்னது 7×31×151, பின்னது 3²×11×331. கால்குலேட்டரே வேண்டாம்.

2¹⁰⁰ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி என்ன? ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1) கையில் எடுப்பவர்களுக்கு 2147483646 என்ற அடுக்குதான் கிடைக்கும். உண்மைதான், ஆனால் இங்கே உதவாது. 2³¹ வகுபட்டு மீதி 1 தருகிறது என்பதைக் கவனித்தால் போதும். 100 = 93+7; மீதி 2⁷ = 128.

இனி ஒன்று கூடுதல். 2³¹ஐ 4ஆல் வகுத்தால் 2²⁹. நம் பகா எண் 4ஆல் வகுபட மீதி 3 தருவதால், இருபடி எச்சமான (அதாவது, ஏதோ ஒரு வர்க்கத்தை நம் பகா எண்ணால் வகுத்தால் மீதியாக வரும்) எந்த எண்ணுக்கும் வர்க்கமூலம் அதன் 2²⁹ஆம் அடுக்குதான். வேறு சொற்களில், 29 முறை வர்க்கப்படுத்தினால் விடை வந்துவிடும். 2இன் வர்க்கமூலத்துக்கு அந்த உழைப்பும் வேண்டாம்: 65536இன் வர்க்கம் 2³², அதன் மீதி 2. இந்த வரி எனக்கு இன்றும் பிடித்தமானது.

வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தன் அடுக்குகளாலேயே 1 முதல் 2147483646 வரை எல்லா மீதிகளையும் தரும் எண்ணைக் கேட்பார்கள். 3 இருபடி எச்சமல்ல என்று காட்டியதும் அதையே விடையாக எழுதத் தோன்றும். போதாது, முதலில் பிரித்த 2³¹−2இன் 2, 3, 7, 11, 31, 151, 331 என்ற ஏழு பகாக் காரணிகளுக்கும் தனித்தனியே சோதிக்க வேண்டும். 3 தேறாது, 5உம் தேறாது. மிகச் சிறிய விடை 7. மனம் தளர வேண்டாம், இத்தகைய எண்கள் மொத்தம் 53,46,00,000. ஏறக்குறைய நான்கில் ஒன்று.

இது பகா எண் என்பதை ஆய்லர் 1772இல் அறிவித்தார். இதன் வர்க்கமூலத்தை ஒட்டிய 46340 வரை வகுத்துப் பார்க்க வேண்டிய வேலை அது. ஆனால் இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அந்தக் காரணியைப் பொறுத்து 1ஐத் தரும் 2இன் மிகச் சிறிய அடுக்கு 31தான்; ஆகவே காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31ஆல் வகுபடும். காரணி ஒற்றைப்படை என்பதால் 62ஆலும் வகுபடும். மேலே கண்ட 65536 இங்கேயும் 2இன் வர்க்கமூலமே, எனவே காரணி 8ஆல் வகுபட மீதி 1 அல்லது 7. இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும்: மொத்தம் 373. அவற்றிலும் 63, 249 போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். விடைத்தாளில் 248 என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். 62 வந்த காரணத்தையும் 8 வந்த காரணத்தையும் ஆளுக்கொரு வரியில் எழுதுங்கள்.