ரூட் கெனாலுக்கு அப்புறம் எந்த கேப்?

அம்மாவுக்கு கீழ் கடவாய்ப்பல்லுல ரூட் கெனால் முடிஞ்சு ரெண்டு மாசமா கேப் (பல்லு மேல மாட்டற உறை) போடாம விட்டுட்டோம், வலிதான் இல்லயேன்னு, அப்புறம் செவ்வாய்ப்பேட்டைல தட்டுவடை செட் சாப்பிடறப்ப பல்லோட ஒரு ஓரம் டக்குனு பேந்து வந்துருச்சு. எனக்கு மனசே ஆறல.

அஸ்தம்பட்டில பாத்த டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. நரம்பு எடுத்ததால மட்டும் பல்லு வீக் ஆகல, சொத்தை தின்னதும் உள்ள போக குடைஞ்சதும் சேந்து சுவர் மெலிஞ்சுடுது, மெல்லும்போது பொளந்துக்கும், அதனால பின்பல்லுக்கு பெரும்பாலும் கேப் வேணும், முன்பல்லு ரொம்ப சேதமாகலன்னா ஃபில்லிங்கே போதும்னாங்க.

நான் ஜிர்கோனியாவா (வெள்ளையா இருக்கற ஒரு பீங்கான் வகை) மெட்டலான்னே கேட்டுட்டு இருந்தேன். அவங்க பாத்தது வேற, ஈறுக்கு மேல நல்ல பல்லு சுத்திலும் 2 மி.மீ. மிச்சம் இருக்கான்னு. அதுக்கு பேரு ஃபெர்ரூல், பீப்பாய்க்கு இரும்புப் பட்டை மாதிரி கேப் அந்த வளையத்தைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அது இல்லன்னா எவ்ளோ விலை கேப்பும் நிக்கறது கஷ்டம்ங்க.

முழு மெட்டல்னா பல்லை கம்மியா செதுக்கலாம், நிறம்தான் இடிக்கும். மெட்டல் மேல பீங்கான் வெச்சதுல பீங்கான் சில்லு தெறிக்கலாம். லித்தியம் டைசிலிகேட்ங்கற கண்ணாடி மாதிரி பீங்கான் முன்பல்லுக்கு அழகு, ஜிர்கோனியா நல்ல கெட்டி. போஸ்ட், அதான் வேருக்குள்ள இறக்கற சின்னக் கம்பி, வெச்சா பல்லு பலமாகும்னு நெனச்சிருந்தேன், அது கேப்புக்கு அடியில கட்டற ஃபில்லிங்கைப் பிடிச்சு நிறுத்தத்தானாம்.

அம்மாவுக்கு 2 மி.மீ. இருந்துச்சு, ஜிர்கோனியா சொல்லியாச்சு. அடுத்த வாரம் ஒட்டறாங்க.