கனடாவின் முதல் பனிக்காலமும் பிடி இழக்கும் சில்லுகளும்

கனடாவில் வந்து குடியேறும் எம்மவர்களில் பலர் வாகனம் ஓட்டத் தெரிந்தவர்களாகவே வருகிறார்கள். ஒன்ராறியோ மாகாணமும் அந்த அனுபவத்தை மதிக்கிறது. எழுத்துப் பரீட்சையிலும் கண் பரிசோதனையிலும் தேறியவர், பிறநாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியதை உரிய கடிதத்துடன் நிரூபித்தால், வழக்கமான காத்திருப்பு இல்லாமல் முழு ஜி அனுமதிப்பத்திரத்துக்கான வீதிப் பரீட்சைக்கே தோற்றலாம். வேலைக்குப் போகவும் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் கார் இன்றியமையாத நாட்டில் இது பெரிய உதவிதான். ஆனால், கோடையில் வந்து இறங்கிய ஒருவர் இலையுதிர் காலம் முடிவதற்குள் முழு அனுமதிப்பத்திரத்துடன் 401 நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார். அவருடைய பல ஆண்டு அனுபவத்தில் ஒரு நாள்கூட உறைந்த வீதியில் கழிந்ததில்லை. புதிதாக வருபவர்களுக்கு வீடு பார்க்கவும் வேலை தேடவும் முன்நின்று உதவுகிற நாங்கள், இந்த ஒரு விடயத்தை மட்டும் "போகப் போகப் பழகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடிய விடயம் இது அல்ல என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

நான் ரயர் மாற்றப் போகும் கராஜில், வயதில் மூத்த மெக்கானிக் ஒருவர் புதிதாகக் கார் வாங்கிய இளைஞர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததை அருகில் நின்று கேட்டேன். காரை உயர்த்தி, சில்லைக் கழற்றித் தரையில் வைத்து, ரயரின் பள்ளங்களுக்குள் விரல் நகத்தை நுழைத்துக் காட்டினார். நகத்தின் நுனிகூட முழுதாக உள்ளே போகவில்லை. "தம்பி, பிரேக் சில்லைத்தான் நிப்பாட்டும். காரை நிப்பாட்டுறது இதுதான்" என்றார். இளைஞர், "அண்ணை, பிரேக் போன மாதம்தான் புதுசாப் போட்டது" என்று சொல்லிப் பார்த்தார். அவரோ மறுபேச்சுப் பேசாமல், தேய்மானத்தைக் காட்டுவதற்காகப் பள்ளங்களின் அடியில் வார்க்கப்பட்டிருக்கும் சிறிய மேடுகளைத் தொட்டுக் காட்டினார். அவை ரயரின் மேற்பரப்போடு ஏறத்தாழச் சமமாகியிருந்தன.

அந்த மெக்கானிக் சொன்னதில் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. ஒரு காரின் எடை ஆயிரம் கிலோவைத் தாண்டும். ஆனால் ஒவ்வொரு ரயரும் வீதியைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். வேகம் எடுப்பதும், திரும்புவதும், நிற்பதும் அந்த நான்கு சிறு பரப்புகளில் கிடைக்கும் பிடிமானத்தால் மட்டுமே நடக்கின்றன. அந்தப் பிடிமானத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதையும், திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் தேவையான பிடி ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவாகிறது என்பதையும் உலர்ந்த வீதியில் பல ஆண்டுகள் ஓட்டியவர் உணர வேண்டிய தேவையே வந்திருக்காது. வளைவில் ஏற்கெனவே பெரும்பகுதியைச் செலவழித்துக்கொண்டிருக்கும் ரயரிடம், திடீரென்று பிரேக்கை அழுத்தி மேலும் கேட்கும்போது அது எல்லையைக் கடந்து வழுக்குகிறது. வழுக்கத் தொடங்கிய ரயருக்கு இருந்த பிடியும் குறைந்துவிடும். முன்சில்லுகள் வழுக்கினால் ஸ்ரியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேரே போகும். பின்சில்லுகள் வழுக்கினால் காரின் பின்பகுதி முன்பகுதியை முந்திக்கொண்டு சுழலும்.

எண்களில் பார்த்தால் அச்சம் இன்னும் தெளிவாகும். உலர்ந்த தார்வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 20 மீற்றரில் நின்றுவிடும். வழுவழுப்பான பனிக்கட்டியில் பிடிமானம் அதில் ஏழில் ஒரு பங்காகக் குறையலாம். அப்போது அதே கார் நிற்பதற்கு ஏறத்தாழ 140 மீற்றர் வேண்டும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 400 மீற்றராகிறது. வேகம் இருமடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியலின் கணக்கு. அதில் எந்தச் சாரதியின் திறமைக்கும் சலுகை இல்லை. நாம் ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரை நொடிக்குள் 100 கிலோமீற்றர் வேகத்தில் கார் 40 மீற்றருக்கு மேல் ஓடிவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் மறை 20 பாகை செல்சியஸ் போன்ற கடுங்குளிருக்கே. உண்மையில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி நிற்கும் நாள்களே அதிகம் ஏமாற்றுகின்றன. சுழியத்துக்கு அருகிலுள்ள பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் அது கடுங்குளிரில் இருக்கும் பனிக்கட்டியைவிட அதிகம் வழுக்கும். பகலில் உருகி ஓடிய நீர் மாலையில் மீண்டும் உறையும்போது, வீதியின் கருநிறம் அப்படியே தெரியும்படி கண்ணாடி போன்ற ஒரு படலம் உருவாகிறது. பிளாக் ஐஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஈரம் என்று நினைத்தால் பனிக்கட்டியாக இருக்கும். முன்னே போகும் வாகனங்களின் சில்லுகளிலிருந்து நீர்த்தூவல் எழுகிறதா என்று பார்ப்பது எனது பழக்கம். வீதி நனைந்ததுபோலத் தெரிந்தும் தூவல் எழவில்லை என்றால் அங்கே இருப்பது நீர் அல்ல என்று கொள்கிறேன். பாலங்கள் முதலில் உறைகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு மேலும் கீழும் குளிர்காற்று ஓடுகிறது, நிலத்தின் சூடு அவற்றுக்குக் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவுகள் பலவும் பாலத்தின் மேலோ நிழலிலோ அமைந்திருப்பதும், அங்கேதான் நாம் திரும்பவும் வேகத்தைக் குறைக்கவும் ஒருசேர முயல்வதும் கூட்டாகக் கேடு செய்கின்றன. அவ்வளைவுகளில் உள்ள மஞ்சள் பலகையின் வேகம் நல்ல காலநிலைக்கு உரியது.

கோடைக்கும் இதில் பங்கு உண்டு. கனமழையில் வீதியில் தேங்கிய நீரை ரயரின் பள்ளங்கள் வெளியேற்ற முடியாதபோது ரயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்; ஸ்ரியரிங் திடீரென்று கனமிழந்து போவதே அதன் அடையாளம். தேய்ந்த ரயரும் அதிக வேகமும் சேர்ந்தால் அது விரைவில் நேரும்.

ரயருக்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்களின் பணம் இறுக்கமாக இருக்கும்போது முதலில் தள்ளிப்போடப்படுவது அதுதான். ஓல் சீசன் என்று விற்கப்படும் ரயரின் பெயரைப் பார்த்து, எல்லாப் பருவத்துக்கும் அது போதும் என்று நம்பிவிடுகிறோம். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போதே அதன் இறப்பர் இறுகிப் பிடியை இழக்கத் தொடங்குகிறது. வின்ரர் ரயரின் இறப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. அதன் பக்கத்தில் மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்த சின்னம் இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பல மலைப்பாதைகளில் ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்தே பனிக்கால ரயர் வேண்டும். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கட்டணக் கழிவு தர வேண்டும் என்பது விதி. முன்சில்லுகளுக்கு மட்டும் இரண்டு வாங்கிப் போடுவதைப் பலர் சிக்கனம் என்று எண்ணுகிறார்கள். முன்னே பிடித்து, பின்னே வழுக்கும் கார் சுழன்று நிற்பதற்கே வழிசெய்யும் ஏற்பாடு அது. நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் அந்த ரயரைப் பனிபடிந்த வீதிக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது கனடிய போக்குவரத்து அமைச்சு. வெப்பநிலை 5 பாகை குறையும்போது ரயரின் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ (ரயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைகிறது. ஆகவே இலையுதிர் காலத்தில் சரிபார்த்த அழுத்தம் ஜனவரியில் இருக்காது.

தேய்ந்த ரயரும் உறைந்த வீதியும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்த நாட்டின் நினைவில் ஆழமாகப் பதிந்த ஒரு சம்பவம் உண்டு. 2008 ஜனவரி 12 அன்று நள்ளிரவு கடந்த வேளையில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பாதர்ஸ்ட் நகரை நெருங்கிக்கொண்டிருந்த உயர்நிலைப் பள்ளி வான் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்த பாரவூர்தியுடன் மோதியது. கூடைப்பந்து விளையாடிவிட்டு வீடு திரும்பிய ஏழு மாணவர்களும் பயிற்றுநரின் மனைவியும் உயிரிழந்தார்கள். வானில் இருந்தவை தேய்ந்த ஓல் சீசன் ரயர்கள். பிள்ளைகளை விளையாட்டுக்கும் வகுப்புக்கும் வானில் கூட்டிச் செல்லும் எங்கள் பெற்றோர் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாகனம் சரியாக இருந்தும் கை தவறு செய்யும் இடங்கள் இருக்கின்றன. நகரத்தைத் தாண்டியதும் பல வீதிகளின் ஓரம் சரளைக்கல்லாக இருக்கிறது. வலப்பக்கச் சில்லு அந்தச் சரளையில் இறங்கியதும் பதற்றத்தில் ஸ்ரியரிங்கை இடப்பக்கம் வெட்டித் திருப்பினால், சில்லு தாரில் ஏறிப் பிடி கிடைத்த அதே கணத்தில் கார் எதிர்ப்பக்கத் தடத்துக்குப் பாயும். பிரேக்கை அழுத்தாமல், அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்து, நேராகவே ஓட விட்டு, வேகம் குறைந்த பின் மெதுவாக ஏறுவதே வழி. நெடுஞ்சாலையில் தடங்களுக்கு இடையே குவிந்து கிடக்கும் சேற்றுப்பனியைக் குறுக்கே கடந்து தடம் மாறும்போதும் இதே போன்ற இழுப்பு நேரும். காரின் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குருஸ் கொன்ட்ரோலை ஈரத்திலும் பனியிலும் போடவே கூடாது. சில்லு பிடி இழந்ததை நம் கால் உணர்வதற்கு முன்பே அது வேகத்தைக் காக்க முயன்றுகொண்டிருக்கும்.

உறக்கமும் இந்த வரிசையில் சேரும். எம்மவர்களில் எத்தனையோ பேர் இரவு முழுதும் தொழிற்சாலையிலோ களஞ்சியத்திலோ நின்று வேலைசெய்துவிட்டு, இருள் விலகாத நேரத்தில் தனியே ஓட்டி வருகிறார்கள். வீதியில் உப்புத் தூவும் வண்டி இன்னும் வராத நேரமும் பெரும்பாலும் அதுவே. ஒரு நொடி கண் அயர்ந்து விழித்ததும் ஸ்ரியரிங்கைச் சட்டென்று திருப்புவது மனித இயல்பு, அந்த வேளையில் அந்தச் சிறு அசைவே போதும். வேலைத் தலத்தின் தரிப்பிடத்தில் இருபது நிமிடம் உறங்கிவிட்டு வருவதை யாரும் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

கார் வழுக்கத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியவை சொற்பம்தான். ஆனால் அவை நம் இயல்புக்கு எதிரானவை. காலை அக்சிலறேற்றரிலிருந்து எடுக்க வேண்டும். போக விரும்பும் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண் கம்பத்தில் நிலைத்தால் கையும் அங்கேயே திருப்பும். பின்பகுதி வலப்பக்கம் சறுக்கினால் ஸ்ரியரிங்கையும் வலப்பக்கமே மென்மையாகத் திருப்பி, கார் நேராகும்போது திருப்பியதைத் தளர்த்த வேண்டும். முன்சில்லுகள் வழுக்கினால் மேலும் திருப்பாமல் சற்று நேராக்கினால்தான் அவை மீண்டும் பிடிக்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லுகள் இறுகி நின்றுவிடாமல் காக்கும் அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை உறுதியாக அழுத்தியபடியே இருக்க வேண்டும்; கால் மிதி துடிப்பதையும் உறுமுவதையும் பழுது என்று எண்ணிக் காலை எடுப்பவர்கள் அதன் உதவியை இழக்கிறார்கள். 2011 செப்டம்பர் முதல் கனடாவில் விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்ட கார்களில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம். அது சுழற்சியைத் தடுப்பதில் பெரிதும் உதவுகிறது. இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. நான்கு சில்லுகளையும் இயக்கும் பெரிய வாகனம் பனியில் புறப்படுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. இவற்றைப் படித்தறிவது போதாது. வழுக்கல் பயிற்சி தரும் சாரதிப் பயிற்சி நிலையத்தில் கட்டணம் செலுத்தியாவது ஒரு முறை கையால் உணர்ந்துகொள்வது நல்லது.

கட்டுப்பாட்டை இழந்த கார் சாதாரண மோதலைவிடக் கொடிதாவதற்குக் காரணம் அது பக்கவாட்டில் போய் மோதுவதுதான். முன்னே நசுங்கி அதிர்ச்சியை வாங்க இயந்திரப் பகுதி இருக்கிறது; பக்கத்தில் கதவின் தடிப்பு மட்டுமே. குளிருக்குத் தடித்த மேலங்கியுடன் குழந்தையை இருக்கையில் கட்டினால், மோதலில் அங்கி அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். அங்கியைக் கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்த்த வேண்டும். சுழன்று நின்ற பின் நெடுஞ்சாலையில் இறங்கி நின்று சேதத்தைப் பார்ப்பதும் உயிராபத்து. 2014 பெப்ரவரியில் பரி நகருக்கு அருகே 400 நெடுஞ்சாலையில் பனிவீச்சு பார்வையை மறைத்தபோது 90க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதின. பின்னால் வருபவருக்கும் பிடியும் பார்வையும் இல்லை. காரை ஓரத்துக்கு நகர்த்த முடியாவிட்டால் அபாய விளக்கைப் போட்டு, பட்டியைக் கழற்றாமல் 911ஐ அழைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது.

"பனி வழுக்கிவிட்டது" என்று சொன்னால் காப்புறுதி நிறுவனம் விட்டுவிடும் என்றும் நம்புகிறோம். ஒன்ராறியோவில் காப்புறுதிக்காகத் தவறு யாருடையது என்று தீர்மானிக்கும் விதிகள், காலநிலையையும் வீதி நிலையையும் பொருட்படுத்தாமலே அதைத் தீர்மானிக்கச் சொல்கின்றன. முன்னால் நின்ற காரின் பின்புறத்தில் வழுக்கிப்போய் மோதியவர்மீதே தவறு விழும். அதன் பின் பல ஆண்டுகள் கட்டணம் உயரும்.

ரயர் மாற்றிய பின் ஒரு வேலை மீதம் இருக்கிறது. சில்லைக் கழற்றிப் பூட்டினால் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் ஆணிகளை மீண்டும் உரிய அளவுக்கு இறுக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில்லும் அச்சும் பொருந்தி அமரும்போது அவை தளரக்கூடும். பெரும்பாலான கராஜ்களில் திரும்பிப் போனால் இதற்குப் பணம் கேட்பதில்லை, ஐந்து நிமிடமும் ஆகாது.