துணிக்கு அடியில் இருக்கும் பொம்மை

கண்ணிலிருந்து மறைந்த பொருளும் இருக்கத்தான் செய்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாற்காலி என்று ஒன்று உண்டு எனக் குழந்தை படிப்பதில்லை, அதில் உட்காரப் பழகுகிறது என்றார் தத்துவவாதி விட்கென்ஸ்டைன். நம்பிக்கை முதலில் கைகாலில்தான் ஊறுகிறது.

இதை ஒன்பது மாதக் குழந்தையிடம் பார்த்துவிடலாம். ஒரே நிறத்தில் இரண்டு தடித்த துணிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அடி இடைவெளி விட்டு விரியுங்கள். பொம்மையை இடப்பக்கத் துணிக்கு அடியில் வையுங்கள், குழந்தை எடுக்கட்டும். மூன்று நான்கு முறை இப்படி. அடுத்து, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கத்தில் ஒளித்து, மூன்று நான்கு வினாடி கையைப் பிடித்து வைத்துவிட்டு விடுங்கள். பெரும்பாலும் இடப்பக்கத் துணியைத்தான் தூக்கும்! குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே கவனித்துச் சொன்ன பிழை இது.

சோதனை சொதப்பும் இடங்களும் உண்டு. உடனே கையை விட்டால் சரியாக எடுத்துவிடும். காத்திருக்கும்போது வலப்பக்கமே சாய்ந்திருந்தாலோ, கண்ணை எடுக்காமல் இருந்தாலோ அப்படித்தான். துணி மெல்லியதாக இருந்தால் பொம்மையின் புடைப்பே காட்டிக்கொடுக்கும். ஏழரை மாதத்தில் இரண்டு வினாடிக்குள் தடுமாறும் குழந்தை, ஒரு வயதில் பத்து வினாடி வரை தாக்குப்பிடிக்கிறது என்று 1985இல் உளவியலாளர் அடேல் டைமண்ட் காட்டினார். ஆக, பொம்மை இருக்கிறதா என்பதில் குழந்தைக்குச் சந்தேகமில்லை. ஒளித்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பழகிய கையை அடக்கத்தான் தெரியவில்லை என்பது அவர் விளக்கம்.

கண் இன்னும் முந்திக்கொள்கிறது. பின்னால் பெட்டி இருந்தும் அதை ஊடுருவிச் சாய்வதுபோல் ஒரு தட்டியைக் காட்டியபோது, நான்கரை மாதக் குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தன (உளவியலாளர் ரெனே பையர்ஜான், 1987). ஆனால் உற்றுப் பார்ப்பதையே 'தெரியும்' என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சற்று அவசரமாகவே படுகிறது.

இப்படிப் பழகிய நம்பிக்கை அளவுக்கு மீறியும் போகும்: விழும் பொருள் நேர் கீழேதான் போகும் என்பது அப்படி ஒன்று. உள்ளே தெரியாத வளைந்த குழாயில் பந்தைப் போட்டால், இரண்டு வயதுக் குழந்தை குழாயின் மறுமுனையை விட்டுவிட்டு, போட்ட இடத்துக்கு நேர் கீழேதான் தேடும். உளவியலாளர் புரூஸ் ஹூட் 1995இல் காட்டியது. கண்ணாடிபோல் தெரியும் குழாய் என்றால் தவறாது. மூன்று வயதாகிவிட்டால் இன்னொரு வழியும் உண்டு: பந்து குழாய்க்குள் உருண்டு போவதை முதலில் மனதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு தேடவிடுங்கள். சரியான இடத்தில் கை வைப்பது கூடும்.