அடர்த்தி மட்டும் போதாது

ஒரு குவளையில் தேன், தண்ணீர், கடலை எண்ணெய் மூன்றையும் மெதுவாக ஊற்றினால் மூன்று அடுக்காக நிற்கும். ஒரு மில்லி தேன் சுமார் 1.4 கிராம், தண்ணீர் 1 கிராம், எண்ணெய் 0.92 கிராம். கனமானது அடியில், லேசானது மேலே. பெரும்பாலான விளக்கங்கள் இதோடு நின்றுவிடும். ஆனால் அடர்த்தி முடிவு செய்வது மேல் கீழ் வரிசையை மட்டும்தான். இரண்டு திரவங்கள் பிரிந்தே இருக்குமா, ஒன்றில் ஒன்று கரைந்துவிடுமா என்பது மூலக்கூறுகளைப் பொறுத்தது.

தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மின் ஈர்ப்பால் இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. எண்ணெய் மூலக்கூறு அந்தப் பிடிக்குள் சேராது, அதனால் வெளியே தள்ளப்படுகிறது. தேனிலுள்ள சர்க்கரைக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே தேனுக்கும் தண்ணீருக்கும் நடுவே தெரியும் கோடு தற்காலிகமானதுதான்.

இதைச் சோதிக்கச் சர்க்கரைக் கரைசலே போதும். நான்கு டம்ளர்களில் தலா 100 மில்லி தண்ணீர் எடுங்கள். முதலாவதை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றில் 11, 25, 43 கிராம் சர்க்கரை கரையுங்கள். எடைக் கணக்கில் இவை 10, 20, 30 சதவீதக் கரைசல்கள். அடர்த்தி சுமார் 1.04, 1.08, 1.13. ஒவ்வொன்றுக்கும் வேறு நிற ஃபுட் கலர் ஒரு சொட்டு போதும். வெந்நீரில் கரைத்திருந்தால் நன்றாக ஆறவிடுங்கள். சூடான அடுக்கு தன் மேலே இருப்பதைச் சூடாக்கிச் சுழலவைக்கும், எல்லைக்கோடு குழம்பிவிடும்.

கனமானதை முதலில் ஊற்றி, அதன் மேல் லேசானதைக் கரண்டி முதுகில் வழியவிடுவதுதான் பலரும் செய்வது. அதைவிட நல்ல வழி, ஒல்லியான உயரக் கண்ணாடியில் வெறும் தண்ணீரை முதலில் விட்டு, ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சின் நுனியை அடித்தரையில் தொடவைத்து, 10 சதவீதக் கரைசலை அடியில் செலுத்துவது. பிறகு 20, பிறகு 30. ஒரு சிரிஞ்சு காலியாக அரை நிமிடமாவது ஆகட்டும். சிரிஞ்சுக்குள் காற்று இருந்தால் முதலிலேயே வெளியேற்றிவிட வேண்டும். ஒரே ஒரு குமிழி மேலே ஏறும்போதே எல்லா அடுக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த அடுக்குகள் மறுநாளும் தெரியும், ஆனால் ஓரங்கள் மங்கியிருக்கும். சர்க்கரை ஒரு சென்டிமீட்டர் பரவ ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். அதனால்தான் அசைக்காத குவளை வாரக்கணக்கில் ஏமாற்றுகிறது.

மேலே கொஞ்சம் எண்ணெயும் விட்டு, பாட்டிலில் மூடிக் குலுக்கிவிட்டு வையுங்கள். எண்ணெய் சில நிமிடங்களில் திரும்ப மேலே வந்துவிடும். சர்க்கரை அடுக்குகள் எத்தனை நாள் வைத்தாலும் திரும்ப வராது. பாத்திரம் கழுவும் லிக்விடை ஒரு அடுக்காக வைக்கச் சொல்பவர்கள் உண்டு. குலுக்கினால் அது எண்ணெயைத் துளித்துளியாக உடைத்துப் பால்போல் ஆக்கிவிடும், சோதனை அங்கேயே கெட்டது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் தனித்தனி அடுக்காகும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அவை ஒன்றில் ஒன்று கரையும்.

அடர்த்தி சமமானால் என்ன ஆகும்? பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டில் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த கலவையில் ஆலிவ் எண்ணெயை விட்டுப் பார்த்தார். அது மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை, கலக்கவும் இல்லை. நடுவில் உருண்டையாக நின்றது. இதை நாமும் செய்து பார்க்கலாம். கிருமிநாசினியாகப் பயன்படும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் அடர்த்தி சுமார் 0.88. அதில் ஒரு மில்லி கடலை எண்ணெய் விட்டால் அடியில் போய்ப் படியும். பக்கச்சுவர் வழியாகத் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மெல்லக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் எண்ணெய் அடியை விட்டு எழும்பி உருண்டையாகும். அதற்கு மேல் சேர்த்தால் மேலே போய்விடும், அப்போது ஆல்கஹாலைச் சேர்த்து இறக்கலாம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சமையலறையில் செய்ய வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.