போர் நினைவுத்தூணில் பெயர்களைக் காப்பது

முதல் உலகப்போருக்குப் பின் இங்கிலாந்தின் ஊர்கள்தோறும் எழுந்த நினைவுத்தூண்களில் பல, இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் வெட்டியெடுக்கும் சுண்ணக்கல்லால் ஆனவை. லண்டன் வைட்ஹால் தெருவில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1920-இல் எழுந்த தூணும் அதே கல்தான். இந்தக் கல்லுக்குப் பெரிய எதிரி, அவசரமாகச் சுத்தம் செய்யும் கைகள்.

கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். உடைந்த கம்பித்துணுக்கு கல்லில் தங்கி, துருப்பிடித்துக் கறையாகும். அமிலமும் கூடாது, சுண்ணக்கல்லையே அது கரைத்துவிடும். பிளீச்சிங் போட்டால் உள்ளே உப்பு சேர்ந்து மேற்பரப்பு உதிரும். மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் போதும். முதலில் கல்லை நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடுகள் விழும். உறைபனிக் காலத்தில் தொடவே கூடாது. நுண்துளைகளில் நிற்கும் நீர் உறைந்தால் கல் பிளக்கும்.

ஈய எழுத்துகளில் கூடுதல் கவனம் தேவை. எழுத்தைச் செதுக்கி, அந்தப் பள்ளத்துக்குள் சாய்வாகச் சிறு துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறுக்குவார்கள். துளைக்குள் போகும் ஈயம்தான் எழுத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மழையில் கல் தேயத் தேய, ஈயம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அப்போது பிரஷ் பட்டாலே உதிரும், ஒருவருடைய பெயரில் ஓர் எழுத்து போய்விடும்.

கற்களுக்கு இடையிலான இணைப்புகளுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புச் சாந்துதான். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்த்து, ஓரங்களை உடைக்கும்.