பிரேக் இல்லாத பைக்கும் என் மகளின் சாம்பியன்ஷிப்பும்

ஸ்பீட்வே என்பது நீள்வட்ட மண் தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம். அந்த பைக்கில் பிரேக் கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரே கியர்தான், பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். "பெத்த பிள்ளையை இதுலயா ஏத்தி விடுறது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மகள் 250 சிசி பிரிவில் இளையோர் சாம்பியன்ஷிப்பை ஓட்டி முடித்துவிட்டாள். தடத்துக்குப் பக்கத்தில் வண்டியைச் சரிபார்க்கும் இடமான பிட்டில் அவளுக்கு மெக்கானிக்காக நின்றது நான்தான். பிள்ளையை இதில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பிரேக் சமாச்சாரம். ஹீட் என்றால் ஒரு ஓட்டம். ஒரு ஹீட்டில் நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கத் திருப்பம்தான். வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வெளிப்பக்கமாக வழுக்கவிட்டு, ஹேண்டில்பாரை எதிர்ப்பக்கம் ஒடித்து, இரும்புத் தகடு மாட்டிய இடது காலை மண்ணில் தேய்த்தபடி திரும்புவார்கள். அந்த வழுக்கலிலேயே வேகம் குறைந்துவிடும். நெருக்கமாகப் போகும் நால்வரில் ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் அவர்மேல் ஏற வேண்டியதுதான். எனக்கு பயம் தந்தது வேறு: வளைவின் நடுவில் மிரண்டு, வலது கையால் முறுக்கும் த்ராட்டிலை மூடினால், பின்சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைத்து, பைக் நிமிர்ந்து நேரே வேலியைப் பார்க்கப் போய்விடும். அதனால்தான் பயிற்சியின் பெரும்பகுதியும் வலது மணிக்கட்டுக்கே போனது. மற்றதெல்லாம் அப்புறம்.

போட்டியன்று காலையில் வண்டிப் பரிசோதனை. அவர்கள் முதலில் கைவைத்தது கட்-அவுட் கயிற்றில். ஒரு முனை ஓட்டுபவரின் வலது மணிக்கட்டில், மறுமுனை வண்டியில். கீழே விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு வந்து இன்ஜினை நிறுத்திவிடும். கயிற்றை இழுத்து, இன்ஜின் அணைகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. செயின் மூடி, சைலன்சர், பின்சக்கரத்துக்குப் பின்னால் மண் தெறிக்காமல் தடுக்கும் தகடு எல்லாம் அதற்குப் பிறகு. மெத்தனால் பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. பிட்டில் கூடமாட நிற்க ஆள் கூட்டிப்போவதானால் இதைக் கட்டாயம் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

ஆட்டத்தின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 16 பேர், 20 ஹீட். ஒவ்வொருவருக்கும் 5 ஹீட் வரும். அதற்குள் மற்ற 15 பேரையும் ஆளுக்கு ஒரு முறை சந்தித்துவிடலாம். முதலிடத்துக்கு 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசிக்கு பூஜ்யம். எல்லாவற்றையும் ஜெயித்தால் 15. யாரோடு மோதினோம் என்பதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. எந்த நேரத்தில் எந்த கேட்டிலிருந்து, அதாவது தொடக்கக் கோட்டில் உள்ளிருந்து வெளியாக உள்ள நான்கு இடங்களில் எதிலிருந்து, கிளம்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஹீட் ஏற ஏற உள்பக்கத்துத் தளர்ந்த மண் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும். காலையில் தங்கமாக இருந்த உள் கேட், மதியத்துக்குமேல் சிமெண்டுத் தரைபோல வழவழவென்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது ஓட்டத்தில் அதுதான் எங்களைப் படுத்தியது. தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருக்கும் டேப் மேலே பறந்தது, மற்ற மூவரும் போய்விட்டார்கள், இவள் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கடைசியாக வந்து இறங்கியவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, ரொம்ப ஸ்பின் ஆகுது. பின்னாடி ஒரு பல்லு கம்மியா போடு" என்றாள். செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்ற சக்கரத்தைத் தளர்த்தி, செயினைக் கழற்றி, மாட்டி, மறுபடி செயின் தளர்ச்சி பார்க்க வேண்டும். சக்கரம் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும்போதே அடுத்த ஹீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நிமிட விளக்கு எரிந்துவிட்டால் அதற்குள் டேப்புக்கு வந்தாக வேண்டும், இல்லையென்றால் அந்த ஹீட்டில் இடமில்லை. வண்டிக்கு ஸ்டார்ட்டரும் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தள்ளினேன். அந்த ஹீட்டை ஜெயித்தாள்! பிட் சுவரில் கை வலிக்கத் தட்டினேன்.

நான்காவதில் வேறொரு பையன் டேப்பைத் தொட்டுவிட, ஹீட்டை மறுபடி தொடங்கினார்கள். காத்திருந்ததில் கிளட்ச் சூடாகிவிட்டது. சூடான கிளட்ச் முழுதாக விடாது. லீவரைப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல டேப்பை நோக்கி நகரும். கேபிளின் தளர்ச்சியை அவள் கையாலேயே எடுத்துவிட்டுத்தான் நின்றாள். இதை நான் சொல்லித்தரவில்லை, பெரிய பிள்ளைகளைப் பார்த்தே கற்றிருக்கிறாள். இரண்டாவதாக வந்தாள்.

மொத்தம் 9 புள்ளி. மேடை ஏறும் அளவுக்கு இல்லை, ஆனால் நடுவில் கௌரவமான இடம். வீடு வந்ததும் களைப்பைப் பார்க்காமல் மெத்தனாலை வடித்துவிடுங்கள். கார்புரேட்டரில் தங்கினால் அரித்துவிடும்.

இப்போது 500 சிசி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த வண்டிக்குக் குறைந்தபட்சம் 77 கிலோ எடை, இதைவிட மிக அதிக இழுவை. எனக்கு அவசரமில்லை. உலக மோட்டார் சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். இளையோருக்காக நடத்தும் எஸ்ஜிபி3 உலகப் பட்டமே 250 சிசி-யில்தான் நடக்கிறது. போலந்தின் ஸ்பீட்வே வீரர் பார்டோஸ் ஸ்மார்ஸ்லிக் 2015-இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் வென்றார். பெரியவர்களுக்கான பட்டம் 2019-இல்தான் வந்தது. "வெளி கேட்டுல இருந்து கிளம்பி ஜெயிச்சுக் காட்டுடி, அப்புறம் பேசலாம்" என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள்.